இறால் குஞ்சு ஏற்றிய வண்டி

பாவாடை என்ற பெரியவர் மடியில் வைத்திருந்த பையின் மேல்தான் அருள்முருகனுக்கு முதல் சந்தேகம் விழுந்தது. ஜிப்பு வைத்த காக்கித் துணிப்பை. வண்டியில் ஏறும்போது மடியில் வைத்தால் இறங்கும்போதும் கையோடுதான் இறங்கும். டீக்கு நிறுத்தினாலும் சரி, ஒன்றுக்குப் போக நிறுத்தினாலும் சரி, பை தோளைவிட்டு நகராது. "சீட்டுலயே வெச்சிட்டு வாங்கண்ணே, எவன் எடுத்துனு போவப் போறான்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பாவாடை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

பாவாடை, அஞ்சலாட்சி அம்மாளின் ஆள். காலாப்பட்டு தாண்டிக் கடலோரத்தில் அந்தம்மாளுக்கு இறால் குஞ்சுப் பண்ணை இருந்தது. கண்ணுக்கு நூல் துணுக்கு மாதிரித் தெரியும் குஞ்சுகளைத் தண்ணீரும் ஆக்சிஜனும் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, சீர்காழிக்கு அந்தப்பக்கம் இருக்கிற இறால் வளர்ப்புக் குளங்களுக்கு அனுப்புவார்கள். மற்ற பண்ணைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில் அனுப்புகிற சரக்கு அது. அருள்முருகனுடையது கூலிங் கன்டெய்னர் என்பதால் பட்டப்பகலிலும் ஏற்றலாம். அதற்காகத்தான் அந்தம்மாள் அவனைக் கூப்பிட்டது. கூப்பிட்டதோடு, "பாவாடை கூட வருவான். கன்டெய்னர் பூட்டுக்கு ஒரு சாவி அவன்கிட்ட இருக்கணும்" என்றும் சொல்லிவிட்டாள். சொந்த வண்டியின் சாவியை இன்னொருத்தன் கையில் கொடுத்தது அவனுக்கு நெஞ்சில் முள் மாதிரி இருந்தது.

அவன் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சொந்த வண்டி வாங்குவதற்கு முன்னால் தெய்வசிகாமணி என்பவரின் மீன் லாரியை வருஷக்கணக்காக ஓட்டினான். ஒருநாள் ஐஸுக்கு அடியில் சங்கரா மீன் இருக்கிறது என்று நம்பி எல்லை தாண்டிப் போனவனுக்கு, அடியில் இருப்பது பிராந்தி என்று போலீஸ்காரர் கிளறிக் காட்டித்தான் தெரிந்தது. புதுச்சேரி நம்பர் வண்டி என்றாலே அந்தப்பக்கம் மூக்கை நீட்டுவார்கள். அன்று மூக்குக்கு வேலை இருந்தது. தெய்வசிகாமணி ஸ்டேஷனுக்கு வந்து, "எனக்கு எதுவும் தெரியாது சார், டிரைவர் வேலையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை மீட்கிற வழியைப் பார்க்கப் போனார். அருள்முருகன் கடலூர் ஜெயிலில் கிடந்தான். வெளியே வந்த பிறகு, மனைவி கார்குழலியின் நகை நட்டெல்லாம் போட்டு, மேலுக்குக் கடனும் வாங்கி, இந்தப் பழைய கன்டெய்னரைப் பிடித்தான். இனி இவன்தான் முதலாளி, இவன்தான் டிரைவர். மாட்டினால் வண்டியும் போகும், வாழ்க்கையும் போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவன் கண்ணுக்கு மூடியதெல்லாம் பிராந்தி.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி ஸ்டாண்டில் ஒரு டிரைவர் சொன்னது வேறு காதில் குடைந்துகொண்டிருந்தது. "அந்தம்மா லோடா ஏத்துற? பாத்துய்யா. அங்க எந்த வண்டியும் நாலு நடை தாண்டுனதில்ல. ஏன்னு கேளு, ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

அன்றைக்கு அவனுக்கு மூன்றாவது நடை. பண்ணையில் பெட்டிகளை ஏற்றி முடித்ததும் பாவாடை தனியாகக் கன்டெய்னருக்குள் போனார். கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார். அருள்முருகன் டீசல் டாங்கைப் பார்ப்பதுபோலப் பக்கவாட்டில் நின்று காதைத் தீட்டினான். பெட்டி நகர்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி பெட்டி நகர்கிற சத்தம். வெளியே வந்தவர் பையின் ஜிப்பை இழுத்து மூடியபடியே, "போலாம்" என்றார்.

புதுச்சேரி ஊருக்குள் நுழைந்ததும் நெரிசல். ராஜீவ் காந்தி, இந்திரா காந்தி சிலைச் சந்திப்புகளில் ஊர்ந்து, முதலியார்பேட்டை தாண்டி, அரியாங்குப்பம் பாலத்தை நெருங்கும்போது பாவாடை டேஷ்போர்டில் இருந்த சின்னத் திரையை எட்டிப் பார்த்தார். கன்டெய்னருக்குள் இருக்கிற குளிர் அதில் தெரியும். இருபத்திரண்டில் நிற்கவேண்டியது இருபத்து நான்கு காட்டியது.

"ஏன் ஏறுது?"

"டிராஃபிக்ல நிக்கிறோம்லண்ணே. கொஞ்சம் ஏறித்தான் எறங்கும்."

பாலம் தாண்டி ரோடு காலியானது. வண்டி வேகம் பிடித்தது. எண் இறங்கவில்லை. தவளக்குப்பம் வந்தபோது இருபத்தாறு. நேற்றுதான் கூலரைச் சர்வீஸ் செய்தது. கெட வழியில்லை. அப்படியென்றால் பண்ணையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த இந்த மனுஷன் ஏதோ செய்திருக்கிறார். பெட்டிகளை நகர்த்தினாரே, எதற்கு? எதை ஒளிக்க?

அவன் வாயைத் திறக்குமுன் பாவாடை திறந்துவிட்டார்.

"கம்ப்ரஸர ஆஃப் பண்ணிட்டியா?"

"என்னாது?"

"நடிக்காதப்பா. டீசல் மிச்சம் புடிக்க ஆஃப் பண்ணிடுவீங்க, குளத்துக்கிட்டப் போனதும் ஆன் பண்ணிடுவீங்க. எத்தினி பேரப் பாத்துட்டேன். குளத்துல விடும்போது குஞ்சு நல்லாத்தான் நீந்தும். ரெண்டு நாள் கழிச்சி செத்து ஒதுங்கும். பழி அந்தம்மா மேல. கடைசியா ஓடுனது தெய்வசிகாமணி வண்டி. அவன் டிரைவர கையும் களவுமாப் புடிச்சி நான்தான் நிறுத்துனேன்."

தெய்வசிகாமணி என்ற பெயர் காதில் விழுந்ததும் அருள்முருகன் பிரேக்கில் காலை வைத்துவிட்டான். நாலு நடைக்கு மேல் யாரும் ஏன் ஓடவில்லை என்பது இப்போது புரிந்தது. ஆனால் அது இந்த ஆளைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. திருடனைப் பிடிக்கிறவனே திருடனாக இருந்த கதையும் அவனுக்குத் தெரியும்.

கிருமாம்பாக்கம் தாண்டி, வாய்க்கால் ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மர நிழலில் வண்டியை ஒதுக்கினான்.

"எறங்குங்க. ரெண்டு பேரும் பாப்போம். அதுக்கு முன்னாடி அந்தப் பையத் தொறந்து காட்டுங்க."

"என் பைய ஏன் காட்டணும்?"

"என் வண்டிண்ணே இது. ஒருதரம் அடுத்தவன் சரக்குக்கு நான் ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டேன். காட்டுங்க."

பாவாடை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜிப்பை இழுத்தார். ஒரு தெர்மாமீட்டர். ஒரு பூதக்கண்ணாடி. கடையில் விற்கிற சாதாரண வெள்ளைக் கிண்ணம். தயிர்சாத டப்பா. பிரஷர் மாத்திரை அட்டை. "குளுரு போவாம கதவச் சாத்திக்கிட்டு இதுலதான் குஞ்சப் பாக்குறேன். கண்ணாடி அந்தம்மாது. ஒடஞ்சா வேற வாங்கணும். அதான் கீழ வெக்கிறதில்ல" என்றார். அருள்முருகனுக்கு முகம் சூடாகிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கதவைத் திறந்தான்.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாவாடையே காதை வைத்துக் கேட்டு உறுதி செய்துகொண்டார். இரண்டு பேரும் பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து முன்பக்கம் போனார்கள். அருள்முருகன் கூலர் முன்னால் கையை நீட்டினான். விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. சளி பிடித்த மூக்கு மாதிரி லேசாகக் கசிந்தது. மூடியின் ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்த்தான். ஒன்று விரலாலேயே கழன்றது.

மூடியை இறக்கினார்கள். உள்ளே, காற்று போகிற வழி முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு துணி மூட்டை திணிக்கப்பட்டிருந்தது. பாவாடை இழுத்தார். சிக்கியிருந்தது. இன்னும் வேகமாக இழுத்தார். மூட்டை விடுபட்டுத் தகரத்தில் மோதியது. உள்ளே ஏதோ உடைந்தது. அவர் சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்து பிராந்தி வாடை குப்பென்று எழுந்தது.

முடிச்சை அவிழ்த்தால் குவார்ட்டர் பாட்டில்கள். வரிசையாக, தூங்குகிற குழந்தைகள் மாதிரி.

விசிறிக்கு வழி கிடைத்துவிட்டது. இருவர் முகத்திலும் குளிர்ந்த காற்று அடித்தது. அருள்முருகன் பாவாடையைப் பார்த்தான். பாவாடை அருள்முருகனைப் பார்த்தார். நீதான் என்று இரண்டு பேர் கண்ணும் சொன்னது.

பாவாடை செல்போனை எடுத்தார். "நான் அம்மாகிட்ட சொல்லிடுறேன். அவங்க என்னா சொல்றாங்களோ சொல்லட்டும்."

அப்போதுதான் அருள்முருகன் அந்தத் துணியைக் கவனித்தான். மஞ்சள் துணியில் பெரிய பெரிய சூரியகாந்திப் பூ. ஓரத்தில் தையல் விட்டு, பச்சை நூலால் ஒட்டுத் தைத்திருந்தது. கார்குழலியின் பழைய நைட்டி. பச்சை நூல் அவள் தைத்ததுதான். மஞ்சள் நூல் கிடைக்கவில்லை என்று அன்றைக்கு அவனிடமே சொன்னாள்.

அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பண்ணையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது இவர்தானே என்று பழியைத் திருப்பியிருக்கலாம். அந்தத் துணி யாருடையது என்று இந்த உலகத்தில் அவனைத் தவிர யாருக்குத் தெரியும்? தெய்வசிகாமணி ஸ்டேஷனில் நின்று 'எனக்குத் தெரியாது சார்' என்று சொன்ன குரல் நினைவுக்கு வந்தது. அந்தக் குரல் தன் வாயிலிருந்து வரக்கூடாது என்று தோன்றியது.

"போன் போடுங்கண்ணே. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். இந்தத் துணி என் வீட்டுது."

பாவாடையின் விரல் நின்றது.

"நேத்து என் மச்சான் நிலவன் வந்து கூலர சர்வீஸ் பண்ணான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில இருக்கான். இந்த மூடிய அவன்தான் கழட்டி மாட்டுனான். எனக்குத் தெரியாது. நம்புனா நம்புங்க."

பாவாடை போனைச் சட்டைப்பையில் போட்டார். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "இதுவரைக்கும் இது வெறும் பாட்டிலு. முள்ளோடை எல்லையத் தாண்டுனா கேசு" என்றார். "தூக்கு. குஞ்சு வெந்துட்டிருக்கு."

மூட்டையை அப்படியே கட்டி, ஒரு கல்லையும் சேர்த்து, ஆகாயத்தாமரை மண்டியிருந்த வாய்க்காலில் தள்ளினார்கள். உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினார்கள். மூடியை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது திரையில் எண் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியிருந்தது. பாவாடையின் சட்டையில் வாடை மட்டும் போகவில்லை.

எல்லை தாண்டியதும் சோதனைச்சாவடி. வரிசையில் முன்னால் நின்ற லாரிகளை ஒப்புக்குப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்த எஸ்.ஐ., இவன் வண்டியின் நம்பரைப் பார்த்ததும் கையில் இருந்த டீ கிளாசைக் கீழே வைத்தார். "ஓரங்கட்டு."

அருள்முருகன் இறங்கினான். "இறால் குஞ்சு சார். பெட்டியத் தொறந்து வெயில்ல வெச்சா செத்துடும்..."

"பெட்டிய யார் கேட்டா? கூலர் மூடியக் கழட்டு."

இத்தனை பெட்டி இருக்க, நேராக மூடிக்குப் போகிறார் என்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வைத்தவனுக்குத்தானே வைத்த இடம் தெரியும்! போலீஸ்காரர் ஒருவர் ஏறி மூடியைக் கழற்றினார். கையைவிட்டுத் துழாவினார். வெறுங்கையோடு இறங்கி, "ஒண்ணுமில்ல சார். ஆனா வாடை அடிக்குது" என்றார்.

எஸ்.ஐ. மூக்கைச் சுருக்கினார். "சரக்கு எங்கய்யா? எங்க எறக்குன?"

அருள்முருகன் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் வாய்க்காலுக்குப் போகவேண்டும், மூட்டையை எடுக்கவேண்டும், வண்டி ஸ்டேஷனில் நிற்கும், குஞ்சு அத்தனையும் பைக்குள்ளேயே சாகும்.

பாவாடை முன்னால் வந்தார். "நான்தான் சார். கன்னியக்கோயில் கடையில எறங்கி ஒரு குவார்ட்டர் போட்டேன். கை தவறி மேலயும் ஊத்திக்கிட்டேன். பெட்டிங்கள பாக்க உள்ள போனேன்ல, அதான் அங்கயும் வாடை."

"நீ யாரு?"

"பண்ணை ஆளு சார். குஞ்சுக்குக் காவல். வண்டி ஓட்டுறது இவரு. இவரு தொடமாட்டாரு, ஊதச் சொல்லிப் பாருங்க."

ஊதச் சொன்னார்கள். ஊதினான். கருவி சும்மா இருந்தது. எஸ்.ஐ. பாவாடையின் நரைத்த தலையையும் நனைந்த சட்டையையும் பார்த்து, "பெரிய மனுஷன் பகல்லயே இப்படி" என்று தலையில் அடித்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாவாடை தலையைக் குனிந்துகொண்டார்.

கடலூர் தாண்டினார்கள். பிறகு அருள்முருகன் கேட்டான்: "உங்களுக்குப் பழக்கம் உண்டாண்ணே?"

"நாக்குல பட்டதில்ல. எங்கப்பன் குடிச்சே செத்தாரு."

"பின்ன ஏண்ணே எனக்காக..."

"உனக்காகச் சொல்லலப்பா. குஞ்சுக்காகச் சொன்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "சட்டையத் தொவச்சித்தான் வீட்டுக்குப் போணும். பொம்பள கேட்டா என்னா சொல்றது?" என்றார்.

குளத்தங்கரையில் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கொஞ்சம் குஞ்சை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, விரலால் தண்ணீரைச் சுழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். நல்ல குஞ்சு சுழலுக்கு எதிராக நீந்தும். சோர்ந்தது நடுவில் போய்ச் சேரும். கூலரை ஒட்டியிருந்த பெட்டிகளில் சேதாரம் இருந்தது. மீதியெல்லாம் எதிர்நீச்சல் போட்டன. "தப்பிச்சிடும்" என்றார். அருள்முருகனைக் கூப்பிட்டு அவனையும் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் காலை அவன் ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்தபோது கார்குழலி மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"ஒன்னோட சூரியகாந்தி நைட்டி எங்க?"

"தம்பி கூலர் தொடைக்கத் துணி கேட்டான், குடுத்தேன். ஏன்?"

சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் அவன் அதையும் கேட்டுவிட்டான். "ஒனக்குத் தெரியுமா?"

அவள் எழுந்து நின்றாள். கை முழுக்கச் செதில். "எங்க அம்மா வீட்டுல போட்டதெல்லாம் அந்த வண்டியில ஓடுது. என் கழுத்துல கெடக்கிறது மஞ்சக் கயிறு. அந்த வண்டிக்கு நானே கொள்ளி வெப்பனா? நீ என்னக் கேட்ட பாரு..." மேலே பேசாமல் கையைக் கழுவினாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் திரும்பும்போது பின்சீட்டில் நிலவன் இருந்தான். கன்னம் சிவந்திருந்தது; அக்காள் கை பட்ட சிவப்பு.

"சொல்லுடா."

"தெய்வசிகாமணி அண்ணன்தான் மாமா. ஒரே ஒரு தடவை வெய்யி, சிதம்பரத்துல டீ குடிக்க நிறுத்துவான், நம்ம ஆளு எடுத்துப்பான்னாரு. உனக்கு ஒண்ணும் ஆவாதுன்னாரு."

"சிதம்பரத்துல எடுக்கிறவன் எதுக்குடா முள்ளோடையில போலீசுக்குச் சொல்றான்?"

நிலவன் விழித்தான். அவனுக்கு உண்மையிலேயே அது தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. "என்ன வெச்சி ஒன்ன மாட்டிவிடப் பாத்தாரா மாமா?" என்று அழுதான். அருள்முருகன் அவனை அடிக்கவில்லை. அடிக்கவேண்டும்போல இருந்தும் கை எழவில்லை. நிலவன் அந்த வாரமே ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

போலீசுக்குப் போக வழியில்லை. சாட்சி வாய்க்காலில் கிடந்தது. அருள்முருகன் மேட்டுப்பாளையத்துக்குப் போனான். தெய்வசிகாமணி ஸ்டாண்டில், தன் லாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"வாடா முதலாளி. வண்டி எப்பிடி ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணே. கூலர்ல ஏதோ அடச்சிருந்திச்சி. எடுத்துப் போட்டுட்டேன். முள்ளோடைக்கு இந்தப் பக்கமே."

சிரிப்பு அவர் முகத்திலேயே இருந்தது, கண் மட்டும் செத்துப்போனது. பக்கத்தில் டயர் தட்டிக்கொண்டிருந்த டிரைவர்கள் இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அருள்முருகன் குரலை உயர்த்தாமல் சொன்னான்: "அந்தம்மா லோடு ஒங்களுக்குத் திரும்பாதுண்ணே. நிலவன் எல்லாத்தையும் சொல்லிட்டான். அஞ்சலாட்சியம்மாகிட்ட நானும் பாவாடை அண்ணனும் சேந்து போயிச் சொல்லிட்டோம். இனிமே என் வண்டியில என்னா கெடந்தாலும் ஒங்க பேருதான் மொதல்ல வரும்."

"என்னாடா உளர்ற?" என்றார் அவர். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அஞ்சலாட்சி அம்மாள் லோடை நிறுத்தவில்லை. சேதாரமான பெட்டிகளுக்கு அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த நடைக்குத் தேதி சொன்னாள். பாவாடை வழக்கம்போல ஏறுகிறார். இப்போது பேசுகிறார், மகள் கல்யாணத்தைப் பற்றி, பிரஷரைப் பற்றி. ஆனால் இன்னமும் மணிக்கொருதரம் திரையை எட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை. அருள்முருகன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டான்.

வீட்டில்தான் சரியாகவில்லை. கார்குழலி சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்கு மேல் இல்லை. ஐந்தாவது நடைக்குக் கிளம்புகிற காலையில் அவன் கன்டெய்னருக்குள் ஏறி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவளும் பின்னாலேயே ஏறி வந்தாள். செல்போன் டார்ச்சை அடித்துப் பிடித்தாள். அவன் கையை விட்டுத் துழாவினான்.

"ஒண்ணுமில்ல" என்றான்.

"நல்லாப் பாரு" என்றாள்.

அவன் மறுபடியும் கையை விட்டான். அவள் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.